ஏர் ஸ்க்ரூவில் ஒரு சிவப்புப் புள்ளி

அத்தியாயம் 7

குற்றவாளி நேற்றே ஒப்புக்கொண்டுவிட்டான். அதுதான் தனப்பிரியாவுக்குப் பிடிக்கவில்லை.

துப்பறியும் தொழிலில் இப்படி நடக்கவே கூடாது. ஆள் முதலில் மழுப்ப வேண்டும், பிறகு மாமனார் வீட்டுக்குப் போயிருந்ததாகப் புளுக வேண்டும், அதுவும் எடுபடாவிட்டால் நம்மையே மிரட்ட வேண்டும். அயோத்தியாப்பட்டணத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிரான்சிஸ் இந்த மரியாதை எதையும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமல் படுத்திருக்கும் கவினின் போட்டோவை அவள் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பார்த்தான். "நான்தாங்க மேடம்" என்றான். அதற்குப் பிறகு தேம்பித் தேம்பி அழுதான்.

அந்தப் போட்டோவை அவன் முன்னால் வைத்திருக்கக் கூடாது. இந்த ஒரு நினைப்பு அவளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. ஏற்கெனவே உடைந்து கிடப்பவனைத் தட்டிப் பார்த்து, உடைந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குத் துப்பறியும் நிபுணர் எதற்கு?

"கேஸ் முடிஞ்சு போச்சுங்க அம்மணி. ஸ்டாப்பிங் வந்தும் எறங்காம ஏன் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?" என்றார் அம்மாசி.

அம்மாசி அவளுடைய உதவியாளர். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், நாமக்கல்காரர். வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. தனப்பிரியாவைவிட இரண்டு மடங்கு வயது, நான்கு மடங்கு வாய். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் சம்பளத்துக்குப் பாதி, பேசுவதற்குப் பாதி என்று வந்து உட்கார்ந்திருப்பார்.

"ஸ்டாப்பிங்கே தப்போன்னு இருக்கு, அம்மாசிண்ணா."

"அவனே டிக்கெட்டக் கிழிச்சு நீட்டிட்டான். நீங்க செக்கிங் பண்றேங்கறீங்க."

விஷயம் இவ்வளவுதான். திருச்செங்கோட்டில் ரிக் லாரிகள் வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடும் சுப்பையனுக்கு ஒரே மகன் கவின். பையனுக்கு ரேஸ் பைத்தியம். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைப் பிரான்சிஸிடம் கொடுத்து, பெரிய கார்புரேட்டர் போட்டு, ரேஸ் எஞ்சினாக மாற்றினான். பெரிய வெள்ளியன்று சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை சங்ககிரி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனவன் பாலத்துச் சுவரில் மோதினான். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கண்ணால் பார்த்தார். பையன் ஆக்சிலரேட்டரை விட்டுக் கையையே எடுத்துவிட்டானாம். எஞ்சின் மட்டும் அலறிக்கொண்டே போனதாம்.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது. சிக்கும்படி வைத்தவன் எவன் என்று கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லித்தான் சுப்பையன் அவளிடம் வந்தார். இன்று சாயங்காலம் பிரான்சிஸ் ஸ்டேஷனுக்கு வந்து தன் வாயால் சொல்வதாக ஏற்பாடு. சொன்னால் கேஸ், கோர்ட், ஜெயில். கடையும் போகும், பெயரும் போகும். பையன் பிழைக்காவிட்டால் இன்னும் என்னென்னவோ.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவள் பிரான்சிஸின் மனைவி மரியபுஷ்பம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சிவப்பு நெயில் பாலிஷ்.

"அழகாத்தான் இருக்குதுங்க. ஆனா எனக்கு இந்தக் கலர் எடுக்காது" என்றார் அம்மாசி.

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் என் பாட்டிலத்தான் திருடிட்டுப் போவாரு மேடம். ஒவ்வொரு வண்டிக்கும் வேலை முடிஞ்சதும் ஸ்க்ரூ தலையில ஒரு புள்ளி வெப்பாரு. பாதி ஸ்க்ரூ மேல, பாதி பாடி மேல. வேற யாராச்சும் திருகுனா புள்ளி ஒடஞ்சு ரெண்டாப் போயிரும். அன்னிக்கும் வெச்சாரு. போய்ப் பாருங்கன்னு மூணு நாளாக் கெஞ்சறேன். வண்டிகிட்டவே போக மாட்டேங்கறாரு."

"ஏன்?"

"பெரிய வெள்ளிக்கு இத்தனை வருஷத்துல ஸ்பேனரைத் தொட்டதில்ல. அந்தப் பையன் வந்து கெஞ்சுனான்னு தொட்டுட்டாரு. ஒரு சந்தி பட்டினி, கை நடுங்குது, கோயில்ல பாடுகளின் வழிபாடு ஆரம்பிச்சாச்சு. அதுக்குத்தான் ஆண்டவர் குடுத்த தண்டனைங்கறாரு. ஈஸ்டர் பூசைக்குக்கூட வரல." அவள் பாட்டிலை இன்னும் முன்னால் நகர்த்தினாள். "அவரு தப்பே பண்ணலன்னு நான் சொல்ல வரல மேடம். பண்ணுனாரான்னு ஒருக்காப் பாத்துட்டாவது கூட்டிட்டுப் போங்க."

தனப்பிரியாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நேற்றே செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு மனிதன் அழுததை வைத்துக்கொண்டு அதைச் செய்யாமல் விட்டிருந்தாள். கார் சாவியை எடுத்தாள்.

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில், பிடிபட்ட மணல் லாரிக்கும் துருப்பிடித்த ஆட்டோவுக்கும் நடுவே கவினின் வண்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரம் வளைந்திருந்தது. எஞ்சின் பக்கம் அப்படியே இருந்தது. அம்மாசி ஏட்டையாவிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். ஏட்டையாவின் சொந்த ஊர் வழியாக அவர் ஒரு காலத்தில் பஸ்ஸில் போயிருந்தார் என்பதே அனுமதிக்குப் போதுமானதாக இருந்தது.

தனப்பிரியா குந்தி உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். கார்புரேட்டர் என்றால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடம் என்பதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சிவப்பு யார் கண்ணுக்கும் தெரியும். மூன்று புள்ளிகள். மேலே ஆக்சிலரேட்டர் கேபிள் நுழையும் மூடியில் ஒன்று, உடையவில்லை. பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவில் ஒன்று, அதுவும் முழுசாக இருந்தது. அதை ஒட்டியிருந்த பெரிய ஸ்க்ரூவில் மட்டும் புள்ளி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி எங்கேயோ சுற்றிப் போயிருந்தது.

அவள் பிரான்சிஸுக்குப் போன் போட்டாள்.

"வந்தர்றேங்க மேடம், சாயங்காலம் சொன்ன மாதிரியே" என்றான் அவன், எடுத்த எடுப்பிலேயே.

"அது இருக்கட்டும். ஐடிலிங் எப்படி வெப்பீங்க? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க."

எதற்கு என்று கேட்பான் என்று நினைத்தாள். கேட்கவில்லை. தொழிலைப் பற்றிக் கேட்டதும் அந்தச் செத்த குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

"எஞ்சின் நல்லாச் சூடாகணும் மேடம். ஆறின எஞ்சின்ல வெச்சா பொய் சொல்லும். ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. பெருசு ஐடில் ஸ்க்ரூ, வண்டி அணையாம நிக்க வைக்கறதுக்கு. சின்னது ஏர் ஸ்க்ரூ, காத்துக்கு. ஐடிலைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கிட்டு ஏரை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருகிப் பாப்பேன். ஒரு எடத்துல எஞ்சின் தானா வேகம் எடுக்கும். அதுதான் அதுக்குப் புடிச்ச எடம். அங்க நிறுத்திட்டு ஐடிலை எறக்கணும். மறுபடி ஏரைத் தேடணும், மறுபடி எறக்கணும். சாதா வண்டி உடனே அடங்கிரும். இது ரேஸ் எஞ்சின், கார்புரேட்டருக்கு ஃபில்டர்கூடக் கெடையாது, வாய் தொறந்தே இருக்கும். லேசுல படியாது. கடைசியா ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டா வேகம் மேலயே தொங்காம, எஞ்சின் முக்காம, அதே எடத்துல வந்து உக்காரணும்."

"உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு மேடம். அவ்வளவு சுத்தமா உக்காந்துச்சு. கவின் கையத் தட்டினான்." குரல் மறுபடி இறங்கியது. "அப்பத்தான் கோயில்ல மரக்கட்டை தட்டுனாங்க. பெரிய வெள்ளிக்கு மணி அடிக்க மாட்டாங்க இல்லீங்களா. அந்த அவசரத்துல கேபிள் மூடிய இறுக்குனேனா, இல்லையா… அதுதான் எனக்கு ஞாபகமே இல்ல."

"இறுக்கியிருக்கீங்க. புள்ளி அப்படியே இருக்கு."

தனப்பிரியா பக்கவாட்டு ஸ்க்ரூக்களை மறுபடி பார்த்தாள்.

"ஏர் ஸ்க்ரூவும் அப்படியே இருக்கு. ஐடில் ஸ்க்ரூவை மட்டும் யாரோ திருகியிருக்காங்க. எதுக்குத் திருகுவாங்க?"

"வண்டி நிக்காம அணைஞ்சா ஏத்துவாங்க. பசங்க அதைத்தான் பண்ணுவாங்க. ஆனா நான் வெச்ச ஏர் கலையலன்னா வண்டி ஏன் அணையணும்? காத்து போறது கொறஞ்சாத்தான்…" அவன் நிறுத்தினான். அப்புறம் அவசர அவசரமாகச் சொன்னான். "வேண்டாம் மேடம். என்னைக் காப்பாத்தப் பாக்காதீங்க. அந்தப் பையன் அங்க படுத்திருக்கான்." போனை வைத்துவிட்டான்.

அம்மாசி குனிந்து வண்டியைப் பார்த்தார். "குத்தவாளிய ஒப்புக்க வைக்கறதுக்குத்தான் படாதபாடு படுவாங்க. இவன ஒப்புக்காம இருக்க வைக்கறதுக்கு நாம காசு குடுக்கணும் போல."

தனப்பிரியா, சீட்டுக்கு அடியில் உடைந்து தொங்கிய பிளாஸ்டிக் மூடியை விலக்கினாள். அதற்குப் பின்னால் மறைந்திருந்தது கார்புரேட்டரின் திறந்த வாய். அங்கே எல்லாவற்றின் மேலும் மாவு போல வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. ஸ்டேஷன் தரையோ நல்ல செம்மண். இந்த வெள்ளை இங்கே ஒட்டியதில்லை.

"கல்லு மாவுங்க. போர் போடற எடத்துல பறக்கறது. சுப்பையன் பட்டறையில நம்ம காரு மேலயே விழுந்துச்சே" என்றார் அம்மாசி.

"சரி. வாயைச் சுத்திப் பாருங்க."

வாயின் வெளிவிளிம்பில், பெருவிரல் அகலத்துக்கு, முழு வட்டமாக, தூசியே இல்லை. உலோகம் பளபளவென்றிருந்தது. ஆள் கழுத்தில் நாள்பட்ட செயினைக் கழற்றினால் தெரியும் தடம் போல.

"இங்க எதையோ கட்டியிருக்காங்க, அம்மாசிண்ணா. தூசி விழும்போது கட்டு இருந்திருக்கு. அதனாலதான் காலையில வண்டி அணைஞ்சிருக்கு, கவின் குனிஞ்சு பாக்காம ஸ்க்ரூவை ஏத்திட்டுக் கெளம்பிட்டான். வேகமாப் போகும்போது அந்த வாய் இழுக்கற இழுப்பில கட்டினது உள்ள போய் ஆக்சிலரேட்டரைக் கவ்விப் புடிச்சிருச்சு."

"அப்ப அந்தத் துணியோ கந்தலோ எங்க?"

"அதை எடுத்தவர்கிட்டத்தான் கேக்கணும். இந்தத் தூசியப் பாத்தா ராத்திரி வண்டி நின்னது சுப்பையன் பட்டறையில. அவருக்கு வேண்டாதவன் எவனாவது அங்க இருக்கணும்."

அவளுக்குக் குஷியாகக்கூட இருந்தது. பிரான்சிஸ் இல்லை, வேறு ஒருவன். திருச்செங்கோடு வரைக்கும் அந்தக் குஷி தாங்கியது.

சுப்பையனின் பட்டறை ஊருக்கு வெளியே, அவர் வீட்டை ஒட்டியே இருந்தது. மூன்று ரிக் லாரிகள், குவிந்து கிடக்கும் இரும்புக் குழாய்கள், எங்கும் அதே வெள்ளைத் தூசி. பழுது பார்ப்பதற்காக ஒரு லாரியின் கம்ப்ரஸரை ஓடவிட்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூன்று நாள் தாடியோடு சுப்பையன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க அம்மணி. டேசனுக்குப் போலாங்களா? அவன் வந்துருவானுங்களா?"

"போலாங்க ஐயா. கவின் எப்படி இருக்காரு?"

"அப்படியேதானுங்க. கையப் புடிச்சா சூடு இருக்குது. கண்ணு தொறக்கல." அவர் வேறு பக்கம் பார்த்தார். "அவங்கம்மா அங்கயே கெடக்கறா. நான் போனா என்னால அங்க நிக்க முடியறதில்லீங்க."

தனப்பிரியா பட்டறையைச் சுற்றிப் பார்வையை ஓட்டினாள். கம்ப்ரஸர் எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் ஈரத்துணி இறுக்கிக் கட்டியிருந்தது. சைக்கிள் ட்யூபைக் கிழித்த ரப்பர் வார், பெருவிரல் அகலம். பக்கத்தில் ஜெனரேட்டர், அதற்கும் அதே துணி, அதே வார். தண்ணீர் இறைக்கும் சின்ன எஞ்சினுக்கும் கட்டியிருந்தது. காற்று போகும் வாய் எதுவும் அந்தப் பட்டறையில் மூடாமல் இல்லை.

அம்மாசியும் பார்த்துவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவர் ஒரு ஜோக்கை விழுங்கியதை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. காசு கொடுத்துக் கூப்பிட்டவர் இவர். ஒப்புக்கொள்ள ஆள் தயாராக இருக்கிறான். தான் வாயைத் திறக்காவிட்டால் இந்த மனிதருக்கு மகன் மட்டும்தான் கவலை. திறந்தால்? நேற்று ஒருவனை உடைத்தது போதாதா?

ஆனால் நெயில் பாலிஷ் பாட்டிலை வைத்துவிட்டு நின்ற பெண்ணின் முகமும் கண்ணுக்குள் நின்றது.

"இந்தத் துணியெல்லாம் யாருங்க கட்டறது?"

"நான்தாங்க. வேலைக்காரப் பசங்களுக்கு வுட்டா லொடலொடன்னு கட்டுவானுங்க. கல்லுத்தூசி உள்ள போச்சுன்னா பிஸ்டன் போயிருங்க, எஞ்சினே காலி. முப்பது வருசமா இந்த ஈரத்துணிதான் என்ர எஞ்சினுகளக் காப்பாத்துது." தொழில் பேசும்போது அவர் குரலிலும் உயிர் வந்தது. பிரான்சிஸுக்கு வந்தது போலவே.

"வெள்ளிக்கிழமை ராத்திரி கம்ப்ரஸர் ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சுங்க. ஒரே தூசி. பையன் வண்டிய இங்கதான் கொண்டாந்து நிறுத்திட்டு ஊட்டுக்குள்ள போயிட்டான். பாக்கறேன், கார்புரேட்டர் வாயப் பப்பரப்பான்னு தொறந்து போட்டிருக்குது. அத்தனை செலவு பண்ணிச் செஞ்ச எஞ்சின். பக்கத்து மூடியக் கழட்டி, வேட்டித் துணியக் கிழிச்சு நனைச்சுக் கட்டி, மறுபடி மூடிய மாட்டி வெச்சனுங்க. அவன்கிட்டச் சொல்லல. சொன்னா வைவானுங்க. என்ர வண்டியத் தொடாதீங்கப்பான்னு எப்பவும் வைவான். அதான் சத்தமில்லாம…"

பேச்சு அங்கேயே நின்றது.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"அந்தத் துணி எங்கங்க ஐயா?" என்றாள் தனப்பிரியா.

"டீக்கடைக்காரர் போன் பண்ணுனாருங்க. நான்தான் மொதல்ல ஓடுனேன். தலையில ரத்தம். கைக்குக் கெடைச்ச துணி…" அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். "எஞ்சின்லயிருந்து தொங்கிக்கிட்டிருந்துச்சு. பாதி உள்ள போயிருந்துச்சு. இழுத்தேன், வரல. பலமா இழுத்தேன். அதத்தான் அவன் தலையில கட்டுனேன் அம்மணி."

உள்ளே பாதி போயிருந்ததை அவர் கை அன்றைக்கே அறிந்திருந்தது. மனசுதான் மூன்று நாளாக அதைத் தள்ளித் தள்ளி வைத்து, பிரான்சிஸ் மேல் கோபப்பட்டு, அவளைத் தேடிச் சேலம் வரை வந்திருக்கிறது. தன்னையே கண்டுபிடிக்கச் சொல்லி ஆள் வைத்திருக்கிறார். இரண்டு நாளில் இரண்டாவது வாக்குமூலம். இதைவிடத் தோற்றுப் போயிருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

சுப்பையன் ஒரு குழாய்க் குவியலின் மேல் உட்கார்ந்தார். பிறகு தானே எழுந்து காரில் ஏறினார்.

"டேசன் அப்பறம் போலாம். அவன் கடைக்கு வுடுங்க."

அயோத்தியாப்பட்டணம் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிரான்சிஸ் தலைவாரி, சட்டை மாற்றி, ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராக நின்றிருந்தான். பின்னால் மரியபுஷ்பம். சுப்பையனைப் பார்த்ததும் பிரான்சிஸ் அடிவாங்கத் தயாராகிறவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் கட்டுனேன்" என்றார் சுப்பையன். "கார்புரேட்டருக்கு ஈரத்துணி. நான்தான்."

பிரான்சிஸ் நிமிர்ந்தான். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் தோள்கள் இறங்கின, முகம் அப்படியே தளர்ந்து லேசானது. அதை எல்லோரும் பார்த்தார்கள். சுப்பையனும் பார்த்தார். அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காக அவன் கூசிப்போனான், கண்ணில் நீர் முட்டியது. மனிதன் நல்லவனாக இருந்தால் அவனை விடுதலை செய்வதுகூடச் சுலபமாக இல்லை.

"தூசி படற எடம்னு தெரிஞ்சும் வாயைத் தொறந்து வெச்சு அனுப்புனது நானுங்களே" என்றான்.

"இல்ல சாமி."

"ஒரு சொல் சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

"நீ ஒண்ணும் பண்ணல." சுப்பையன் தலையை அசைத்து மறுத்தார். "நீ சுத்தமா வெச்சுக் குடுத்தே. டேசன்ல நான் சொல்லிக்கறேன்."

பிரான்சிஸ் அவர் பக்கத்தில் வந்தான். "ஸ்டேஷன்ல நீங்க உள்ளதைச் சொல்லுங்க. ஆனா கவினுக்கு வேண்டாங்க ஐயா. அவன் முழிச்சு எப்படி ஆச்சுன்னு கேட்டா, பிரான்சிஸ் சரியா இறுக்கலன்னு சொல்லிருங்க. பெத்தவர் மேல அந்தப் பழி வேண்டாம். எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது."

அவர் அதை ஏற்றுக்கொண்டால் தனப்பிரியாவும் மறுக்கப் போவதில்லை; அது அவளுக்கே தெரிந்தது.

சுப்பையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் ஏறிய கை, கல்தூசி ஏறிய கை.

"வேண்டாஞ் சாமி. அவன் என்னையே வையட்டும். கண்ணு முழிச்சு, வாயத் தொறந்து, என்னை வஞ்சானாப் போதும்."